சென்னை – சிங்கப்பூர் 2,920 கி.மீ., திருச்சி – சிங்கப்பூர் 2,980 கி.மீ. அம்மாவை எங்கிருந்து ஏற்றுவது?

குடந்தைமகள்

வணக்கம். நான் இருப்பது சிங்கப்பூரில், அம்மா இருப்பது கும்பகோணத்தில். ஆகஸ்டில் எனக்குப் பேறுகாலம். ஜூலை கடைசியில் அம்மா வருகிறார், அக்டோபரில் திரும்புவார். விமானம் ஏறுவது இதுவே முதல் தடவை, துணைக்கும் யாரும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் பயணம் எத்தனை மணி நேரம் என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமான தூரம் காட்டும் ஒரு இணையதளத்தில் பார்த்தேன். சென்னையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு 2,920 கி.மீ., 3 மணி 56 நிமிடம். திருச்சியிலிருந்து 2,980 கி.மீ., 4 மணி. இன்னொரு தளம் சென்னைக்கு 1,815 மைல் என்கிறது, வேறொன்று 1,580 மைல் என்கிறது. டிக்கெட் பக்கத்தில் பார்த்தால் அது தனிக் கதை: சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6.05-க்கு இறங்குகிறது. திரும்பும்போது இங்கே இரவு 8.10-க்குக் கிளம்பி 9.45-க்குச் சென்னை. போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா? "வரும்போது மட்டும் ராக்கெட்டா?" என்று அம்மா கேட்கிறார்.

60 கி.மீ. கிட்டே இருப்பதால் சென்னையிலிருந்தே போட்டுவிடலாமா? இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

கணக்குப்புலி

முதலில் மைலை முடித்துவிடுவோம். 1,815 என்பது நாம் பள்ளியில் படித்த மைல், 1.609 கி.மீ. 1,580 என்பது கடல் மைல், 1.852 கி.மீ. கப்பலும் விமானமும் கடல் மைலில்தான் கணக்குப் போடும். மூன்று எண்ணும் ஒரே தூரம்தான்.

அடுத்தது நேரம். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 6.05 என்றால் இங்கே அதிகாலை 3.35. ஆக, போவதற்கு 4 மணி 20 நிமிடம். திரும்பும்போது அங்கே இரவு 8.10 என்பது இங்கே மாலை 5.40. 9.45-க்கு வந்து சேர்ந்தால் 4 மணி 5 நிமிடம். ராக்கெட் எல்லாம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது அந்தப் பதினைந்து நிமிட வித்தியாசம். அதைத் துறையில் இருந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

உட்லண்ட்ஸ்வாசி

அந்த இரண்டரை மணி நேரமே ஒரு ஏற்பாடுதான். சிங்கப்பூர் ஏறக்குறைய 104 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. சூரியனைப் பார்த்தால் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால் இருக்க வேண்டிய ஊர், எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மலேசியா தன் மேற்குப் பகுதியை சபா, சரவாக் நேரத்துக்கு மாற்றியபோது சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அது 1982 ஜனவரி 1. அதற்கு முன்னால் இந்தியாவோடு இரண்டு மணி நேர வித்தியாசம்தான். இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். அம்மா முதல் நாள் ஆறு மணிக்கு எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு "இன்னும் இருட்டா இருக்கே" என்பார், பாருங்கள்.

பாலக்கரை

திருச்சிக்காரனாக ஒரு சந்தேகம். திருச்சி சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. சிங்கப்பூர் இன்னும் தெற்கே. அப்படியிருக்க திருச்சிதானே கிட்டே இருக்க வேண்டும்? அந்தத் தளம் தப்பாகக் காட்டவில்லையே?

கணக்குப்புலி

தப்பில்லை. நீங்கள் தெற்கை மட்டும் பார்க்கிறீர்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் தெற்கே 11.6 டிகிரி, கிழக்கே 23.8 டிகிரி. அதாவது பயணத்தில் பெரும்பங்கு கிழக்கு நோக்கித்தான். திருச்சி சென்னைக்குத் தெற்கே சுமார் 245 கி.மீ. இருந்தாலும் மேற்கே சுமார் 160 கி.மீ. தள்ளி இருக்கிறது. தெற்கில் சம்பாதித்ததை மேற்கில் விட்டுவிட்டு, மேற்கொண்டு 60 கி.மீ. கடனும் வைக்கிறது.

இந்தத் தளங்கள் எல்லாம் செய்வது ஒன்றே ஒன்று. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியை உருண்டையாக வைத்து, மேற்பரப்பின் மீது மிகக் குறுகிய வளைகோட்டை அளக்கின்றன. காற்று, வான்வழி, ஓடுதளம் எதுவும் அதற்குத் தெரியாது.

இன்னொன்று கவனித்தீர்களா? 2,920-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். அரை மணி சேர்த்தால் 3 மணி 56. 2,980-ஐ அதேபோல் செய்தால் 4 மணி. அந்தத் தளத்தின் சூத்திரமே அதுதான்: மணிக்கு 850 கி.மீ., மேலே ஒரு அரை மணி. உலகத்தில் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் இதையேதான் செய்யும். சென்னை – யாழ்ப்பாணம் போட்டுப் பாருங்கள், சுமார் 355 கி.மீ., 55 நிமிடம் என்று வரும். அந்த வழியில் ஓடுவதோ ஏடிஆர் என்ற விசிறி வைத்த சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். ஒன்றேகால் மணி நேரம்போல் ஆகும்.

வானவழி

ஒரு விமான நிறுவனத்தில் பறப்புத் திட்டம் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் வேண்டாம்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. நாங்கள் பிளாக் டைம் என்போம். நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை. கதவு மூடி, பின்னுக்குத் தள்ளி, ஓடுதளம் வரை ஊர்ந்து, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, அப்புறம்தான் பறப்பது. இறங்கியபின் மறுபடி ஊர்வது. இவை இரண்டு பக்கமும் சேர்ந்து இருபது நிமிடமும் ஆகலாம், நாற்பதும் ஆகலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் 850-இல் போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா வருவது ஜூலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழே நமக்குத் தென்மேற்குக் காற்று அடிக்கும். அதே மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலத்த காற்று ஓடும். வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டம் என்று பள்ளிப் புவியியலில் படித்திருப்பீர்கள். இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து எழுதி உலகத்துக்குக் காட்டினார். அதன் மையத்தில் மணிக்கு 100 கி.மீ. தாண்டும். மையம் விமானம் பறக்கும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, ஆனாலும் 11, 12 கி.மீ. உயரத்திலேயே தள்ளுவது நன்றாகத் தெரியும்.

பரிசலில் காவிரியை எதிர்த்துத் துழாவுவதற்கும் ஆற்றோடு போவதற்கும் உள்ள வித்தியாசம்தான். உதாரணத்துக்கு வழிநெடுக சராசரி 60 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். போகும்போது 790 கி.மீ. வேகம், 3 மணி 42 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 910, 3 மணி 13 நிமிடம். ஏறக்குறைய அரை மணி. ஒருநாள் காற்று அவ்வளவு இருக்காது, இன்னொரு நாள் கூடுதலாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் இந்தக் காற்றே கிடையாது.

இது போதாதென்று சென்னையில் தென்மேற்குக் காற்று காலத்தில் பெரும்பாலும் மேற்கு நோக்கித்தான் ஏற வேண்டும், எதிர்க்காற்றில்தான் விமானம் ஏறும் என்பதால். பொழிச்சலூர்ப் பக்கம் எழும்பி, ஒரு சுற்றுத் திரும்பி, அப்புறம்தான் கடலுக்கு வரும். சிங்கப்பூர் கிழக்கே இருக்க மேற்கே கிளம்பினால் சில நிமிடங்கள் போகத்தானே செய்யும்?

சந்தேகராசா

காற்று, பரிசல் எல்லாம் சரி ஐயா. ஒரு விஷயத்தை நைசாகத் தாண்டிப் போகிறீர்களே. நிறுவனங்கள் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிப் போடுகின்றன. 3 மணி 50-இல் போகிற விமானத்துக்கு 4 மணி 20 என்று போட்டுவிட்டு, இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பி, "குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தோம்" என்று ஒலிபெருக்கியில் பீற்றிக்கொள்வது. பயணிகளும் கைதட்டாத குறை. இது ஏமாற்று வேலை இல்லாமல் வேறு என்ன?

வானவழி

கூட்டிப் போடுவது உண்மை, மறுக்கவில்லை. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் "நேரத்துக்கு வந்தது" என்றுதான் துறையில் கணக்கு. அந்தப் புள்ளிவிவரம் அழகாக இருக்க எல்லாரும் ஆசைப்படுவார்கள்.

ஆனால் குறைத்துப் போட்டால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். சாங்கியில் ஒவ்வொரு விமானத்துக்கும் வரும் நேரம், போகும் நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. விமானிகளின் பணி நேரத்துக்குச் சட்ட வரம்பு இருக்கிறது. அதே விமானம் ஒரு மணி நேரத்தில் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். சராசரி நேரத்தை அப்படியே போட்டால் இரண்டு நாளுக்கு ஒரு நாள் தாமதம்தான். அதனால் அந்தப் பருவத்துப் பழைய பறப்பு நேரங்களை எடுத்துவைத்து, பெரும்பாலான நாள் தாங்குகிற மாதிரி ஒரு எண்ணைப் போடுவோம். எரிபொருள் விலை ஏறினால் வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பறப்பதும் உண்டு. விமானத்தால் முடியும் வேகத்தில் எப்போதும் பறக்க மாட்டார்கள்.

சந்தேகராசா

அப்போ அந்த எண் நிறுவனத்தின் வசதிக்கு, எனக்கு இல்லை. நான் சொன்னதும் அதுதான்.

பாலக்கரை

ராசா அண்ணே, எனக்கென்னவோ 4.20 என்று சொல்லி 4.05-க்கு இறக்கிவிட்டால் சந்தோஷம்தான். 3.50 என்று சொல்லி 4.05-க்கு இறக்கினால் நீங்களே முதலில் சண்டைக்குப் போவீர்கள்.

சந்தேகராசா

சண்டைக்குப் போவேன். ஏன் போகக் கூடாது?

கணக்குப்புலி

பயணிக்கும் அந்த எண்ணால் ஒரு பயன் இருக்கிறது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் பிளாக் டைமைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன, கிலோமீட்டரை அல்ல. இரண்டரை மணிக்கு மேல் ஐந்து மணி வரை உள்ள பயணம் என்றால், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, குடிக்க ஏதாவது தர வேண்டும். முறையாக முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணிக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. ஐரோப்பாவில் இதே இழப்பீட்டைக் கிலோமீட்டர் பார்த்துத் தருகிறார்கள், 1,500, 3,500 என்று. அங்கேதான் உங்கள் வளைகோட்டுத் தூரத்துக்கு மரியாதை.

வானவழி

தூரத்தை நம்பி நேரத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் தில்லி – சான் பிரான்சிஸ்கோ. வளைகோட்டில் அளந்தால் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் பக்கமாகப் போனது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கமாகத் திருப்பினார்கள், சுமார் 15,300 கி.மீ. 1,400 கி.மீ. கூடுதல். நேரம் இரண்டு மணி குறைந்தது! மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று முதுகில் தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். எரிபொருளும் மிச்சம்.

சென்னை – சிங்கப்பூரில் இந்த அளவுக்கு விளையாட்டு இல்லை. பெரும்பகுதி வங்காள விரிகுடா, அப்புறம் சுமாத்ராவின் வடமுனைப் பக்கம், மலாக்கா நீரிணை. நடுக்கடலில் ரேடார் எட்டாது என்பதால் விமானங்களுக்கு இடையே நிலத்தின் மேலே விடுவதைவிட அதிக இடைவெளி விடுவார்கள். நினைத்த உயரம் கிடைக்காமல் போவதும் உண்டு. அவ்வளவுதான்.

நாகூர்க்காற்று

நீங்கள் நிமிடத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். என் அப்பா ரஜுலா கப்பலில் போனவர். நாகப்பட்டினத்தில் படகில் போய்க் கப்பல் ஏறி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், கடைசியில் சிங்கப்பூர். ஒரு வாரம் ஆகும். டெக்கில் பாய் விரித்துப் படுத்து, ஊறுகாயும் கட்டுச்சோறும். 1926-இல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை ஓடியது. பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று. கப்பலில் போனவர்களுக்கு இந்த நேர வித்தியாசத் தொல்லையும் இல்லை. கடிகாரத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்தே போய்விடலாம்.

உட்லண்ட்ஸ்வாசி

எல்லாரும் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். தங்கச்சி கேட்டது எங்கிருந்து ஏற்றுவது என்று. அம்மா வீடு கும்பகோணத்தில் என்பதை யாரும் கவனிக்கவில்லையா?

கும்பகோணத்திலிருந்து திருச்சி சுமார் 95 கி.மீ., இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சென்னை ரயிலில் ஆறு, ஏழு மணி நேரம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். இரவு 11.15 விமானத்துக்கு 8.15-க்குச் சென்னை விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்றால், கும்பகோணத்தில் மதியம் பன்னிரண்டுக்கே வீட்டைப் பூட்டிக் கிளம்ப வேண்டும். இந்திய நேரம் 3.35-க்கு இறங்கி, குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர 4.35. மொத்தம் பதினாறரை மணி நேரம்.

திருச்சியில் நள்ளிரவு 12.30-க்கு ஒரு விமானம் என்று வையுங்கள். மாலை 6.30-க்கு வீட்டிலிருந்து காரில் கிளம்பினால் போதும். நாலேகால் மணி நேரம் பறந்து, வெளியே வரும்போது இந்திய நேரம் 5.45. மொத்தம் பதினொன்றேகால். உங்கள் 60 கி.மீ. கூடுதல் வானத்தில் நான்கு நிமிடம். தரையில் மிச்சமாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல்.

பாலக்கரை

இதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன், நடுவில் தீர்க்கரேகை வந்து கெடுத்துவிட்டது. 2024 ஜூனிலிருந்து புது முனையம் ஓடுகிறது, விசாலமாக இருக்கிறது. டெல்டாவிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் நிறையப் பேர் அங்கேதான் ஏறுகிறார்கள். பக்கத்து இருக்கையில் தஞ்சாவூர்க்காரரோ மன்னார்குடிக்காரரோ இருப்பார், அம்மாவுக்குப் பேச்சுத்துணை. ஓடுதளம் சென்னை அளவுக்கு நீளமில்லை, அதனால் பெரிய அகல விமானம் எதிர்பார்க்காதீர்கள். நேரடியா, இடையில் எங்காவது இறங்கி மாறுவதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று மாறிப் போகும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், முதல் தடவை தனியாக வருகிறவர் திண்டாடிப்போவார்.

குடந்தைமகள்

நெஞ்சில் பால் வார்த்தீர்கள். அம்மாவுக்கும் ராத்திரி பயணம்தான் பிடிக்கும், தூங்கிக்கொண்டே வந்துவிடலாம் என்கிறார். மாத்திரைக்கு என்ன செய்வது? காலை எட்டு, இரவு எட்டு என்று சாப்பிடுகிறார்.

உட்லண்ட்ஸ்வாசி

கடிகாரத்தைப் பார்க்காமல் இடைவெளியை எண்ணுங்கள். இந்தியாவில் இரவு எட்டுக்குப் போட்டால், சிங்கப்பூர் காலை எட்டு என்பது இந்தியாவில் 5.30. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பதில் ஒன்பதரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். திரும்பும்போது இடைவெளி இரண்டரை மணி நேரம் கூடும். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, அம்மாவின் டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். இங்கே யாரும் சொல்வதைக் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். மாத்திரையும் டாக்டரின் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம். விமானம் தாமதமானால் பசி தாங்க ஏதாவது சேர்த்து வையுங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நீங்களே நிரப்பிவிடலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளங்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம், அழைத்துப்போக வரும்போது டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம். இணையத்தில் விமான எண்ணைப் போட்டுப் பார்த்தால் எத்தனை மணிக்கு இறங்கும் என்று காட்டும்.

வானவழி

அது சரியான யோசனை. மேலே ஏறியபின் காட்டும் நேரம் அன்றைய காற்றைக் கணக்கில் எடுத்தது. அதை நம்பலாம். மாதக்கணக்கில் முன்னால் அச்சடித்ததைவிட அது மேல்.

சந்தேகராசா

ஆக, அச்சடித்த நேரத்தை நம்பக் கூடாது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

குடந்தைமகள்

திருச்சியிலிருந்தே போட்டாச்சு, நேரடி விமானம். கும்பகோணத்திலிருந்து மாமா காரில் கொண்டுவந்து விடுகிறார். எல்லாருக்கும் நன்றி. ஜன்னல் ஓர இருக்கை வேண்டுமாம் அம்மாவுக்கு. ராத்திரியில் என்ன தெரியும் என்றேன், விடியும்போது தெரியுமே என்கிறார்.

நெறியாளர்

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் இழையை மூடுகிறேன். நிறுவனங்கள் நேரத்தைக் கூட்டிப் போடுவது சரியா தப்பா என்ற சண்டையைத் தனி இழையாகப் பிரித்திருக்கிறேன். சந்தேகராசாவும் வானவழி ஐயாவும் அங்கே தொடரலாம்.